கத்திக்கு என்ன விலை?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் சோளிங்கரில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் ஓர் இரும்பு வார்ப்பட ஆலையின் கருவிக்கூடத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவன் நான், எழுத்தாளனுக்கு ஓய்வு ஏது? உள்ளேயிருந்து ஒரு தட்டில் கொய்யாப் பழங்கள் வந்தன. நண்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். கட்டை விரலால் ஒரு தள்ளு. 'டக்'கென்று ஒரு சப்தம். பழம் எட்டுத் துண்டாயிற்று.

"கத்தி நன்றாயிருக்கிறதே, என்ன விலை?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"முப்பத்தெட்டாயிரம்" என்றார் நண்பர்.

தலைமையாசிரியர் சிரிக்க ஆரம்பித்தார். "கொய்யாப் பழம் நறுக்கவா? கடைத்தெருவில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதே ஸார்!" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நண்பர் கோபித்துக் கொள்ளவில்லை. கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பழத்தை மட்டும் நாங்கள் இருவரும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தோம்.

அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன். தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். அவர் ஒருவர் அல்ல. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர்தான்.

முதலில் ஒரு விஷயம். அதே தலைமையாசிரியர் தம் பெண்ணின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கூறைப்புடவை எடுத்தவர். அந்தப் புடவையை அந்தப் பெண் இதுவரை மூன்று தடவை உடுத்தியிருந்தால் அதிகம். உடம்பை மறைக்க ஐந்நூறு ரூபாய்ச் சேலை போதாதா என்று நாம் யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மை ரசனையில்லாத ஜடம் என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்வதில் நியாயமும் இருந்திருக்கும். கோர்வை போட்டு நெய்த கரை, ஜரிகையின் தரம், தறியில் குனிந்தவரின் கண் என்று அவர் நமக்குப் பாடம் நடத்தியிருப்பார். பட்டுக்கு இருக்கிற அந்த நியாயம் இரும்புக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

என் நண்பரிடம் இருப்பது 'ஸெபென்ஸா' என்ற கத்தி. கிறிஸ் ரீவ் என்பவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1989ல் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் போய்க் குடியேறித் தொழில் நடத்தியவர். 'ஸெபென்ஸா' என்பது ஜூலு மொழிச் சொல். வேலை என்று அர்த்தம். கத்திக்கு 'வேலை' என்று பேர் வைக்கிறவன் ஒரு விஷயம் தெரிந்தவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விலையில் எதற்கு எவ்வளவு என்று நண்பரைக் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

முதலாவது, உருக்கு. சாதாரண உருக்கை உருக்கி வார்த்து ஆறவிடும்போது, அதிலுள்ள கரியும் மற்ற உலோகங்களும் சேர்ந்த கடினமான பரல்கள் ஒரு பக்கம் திரண்டும் ஒரு பக்கம் இல்லாமலும் போய்விடுகின்றன. கூரான வாயில் ஒரு பெரிய பரல் பெயர்ந்து விழுந்தால் அந்த இடம் பல் போன இடந்தான். இதற்கு ஒரு வழி கண்டார்கள். உருகிய உருக்கைப் பீச்சியடித்து மாவு போன்ற பொடியாக்கி, அந்தப் பொடியைக் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி ஒன்றாகக் கெட்டிப்படுத்துவது. இட்லிக்கு அரிசியை ஊறப்போட்டு அரைக்கிற மாதிரி என்றார் நண்பர். மாவு ஒரே சீராக இருந்தால் இட்லி ஒரே சீராக இருக்கும். இந்த ஜாதியில் கத்திக்கென்றே தயாரித்த உருக்கு ஒன்றை 2001ல் 'க்ரூசிபிள்' என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. அதை உருவாக்கும்போது மேற்படி ரீவிடமும் யோசனை கேட்டார்கள். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு வனேடியம் என்ற உலோகம். வனேடியம் என்ற பேரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இரண்டாவது, பொருத்தம். கத்தியை விரித்தால் அது மறுபடி விரலின் மேல் மடங்கிவிடக் கூடாது. இதற்காக டைட்டானியம் தகட்டால் செய்த பிடியிலேயே ஒரு நாக்கை வெட்டி, அது தானே வில் மாதிரி உள்ளே சாய்ந்து அலகின் பின்புறத்தில் முட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். தனி வில் இல்லை. சொல்வதற்கு இது சுலபம். அந்த நாக்கு அரை மயிரிழை குறைந்தால் அலகு ஆடும். அரை மயிரிழை கூடினால் மடக்க முடியாமல் இறுகிப் போகும். நம் தச்சர்கள் நூல் கணக்குப் பேசுவார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நண்பர் சொல்லும் கணக்கில் ஒரு நூலை நூறாக வகுந்தால்தான் பேச்சு ஆரம்பம். 34 வருஷம் அந்தக் கணக்கோடு மாரடித்தவருக்கு, இன்னொருவன் அதைச் சரியாகச் செய்திருப்பதைப் பார்க்கிறபோது வருகிற ஆனந்தம் இருக்கிறதே, அது ஒரு நல்ல ராக ஆலாபனையைக் கேட்கிறவனுடைய ஆனந்தம். 'டக்'கென்ற அந்தச் சப்தத்துக்காகவே நான்கு தரம் விரித்து மடக்கிக் காட்டினார்.

மூன்றாவது, பேர். செய்தவன் தன் பேரைப் பொறித்துத் தருகிறான். பத்து வருஷம் கழித்துக் கத்தி தேய்ந்து போனால் அவன் பட்டறைக்கே அனுப்பலாம். பிரித்துத் துடைத்துச் சாணை பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இனி, என் பக்கத்து உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐம்பது ரூபாய்க் கத்திக்கும் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கத்திக்கும் வெட்டில் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் ஆயிரத்தைந்நூறிலிருந்து முப்பத்தெட்டாயிரத்துக்குப் போகிறபோது வெட்டு இருபத்தைந்து மடங்கு உயர்ந்து விடுவதில்லை. பிரான்ஸ் தேசத்து ஸவாய் பகுதியில் 1890ல் ஜோஸப் ஒபினெல் என்பவர் ஆரம்பித்த கத்தி இருக்கிறது. மரப்பிடி, ஓர் அலகு, ஒரு வளையம், அவ்வளவுதான். விலையும் கொஞ்சம். கொய்யாப் பழம் அதிலும் அழகாக எட்டுத் துண்டாகும். ஆகவே 'அதிகம் வெட்டும், அதனால் அதிக விலை' என்று எந்தச் சேகரிப்பாளராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசிப் பத்தாயிரம் ரூபாய் வெட்டுக்கு அல்ல. யாரும் கேட்காதபோதும் ஒருவன் எடுத்துக்கொண்ட சிரத்தைக்கு.

சேகரிப்பாளர்களிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமல், அலகில் கைரேகை படாமல், எண்ணெய் தடவிப் பூட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்கள். கத்தி செய்தவர் இறந்து போனால் இவர்கள் வீட்டில் பாயசம். (எழுத்தாளர்களுக்கும் இந்த மரியாதை உண்டு, செத்த பிறகு சிலை வைக்கிறார்கள்.) வெட்டாத கத்தி, பைண்டு பண்ணி அலமாரியில் அடுக்கிய படிக்காத புத்தகம். அது பணம், கத்தி அல்ல. என் நண்பர் தமது கத்தியால் பழம் நறுக்குகிறார், கயிறு அறுக்கிறார், பேரனுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறார். அந்த ஒரே காரணத்தால்தான் அவர் கட்சியில் நான் சேர்ந்தேன்.

பழைய வாளுக்கு விலை வைக்கிற கணக்கு முற்றும் வேறு. 1781 செப்டம்பரில் இதே சோளிங்கருக்குப் பக்கத்தில் ஹைதர் அலியின் சேனையும் ஐர் கூட்டின் சேனையும் மோதின. அந்த ஹைதரின் பிள்ளை திப்பு வைத்திருந்த ஒரு வாள், 2023 மே மாதம் லண்டனில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அங்கே கொடுத்த பணம் பிடித்த கைக்கு. அடித்த கைக்கு அல்ல. மடக்குக் கத்தியை வாங்குகிறவன் அப்படிக் கொடுப்பதில்லை. அதை இதுவரை எந்த ராஜாவும் பிடிக்கவில்லை. அவன் கொடுப்பது முழுக்க முழுக்கச் செய்தவனுக்கு. இரண்டில் எது நாகரிகம் என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

தலைமையாசிரியருடைய இரண்டாவது ஆட்சேபம் சிரிப்பில் தள்ளக்கூடியது அல்ல. "ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன் மாதம் பூராவும் வெட்டினாலும் இந்தக் கத்தி விலை கிடைக்காது, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் குறைந்தது என் நண்பர் கத்திக்கு அதிகம் கொடுத்ததாலா? மலிவை ஏழையின் சிநேகிதன் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஐம்பது ரூபாய்க் கத்தியையும் ஒருவன் செய்துதான் இருக்கிறான். இரும்பு வியாபாரி, பிளாஸ்டிக் பிடிக்காரர், லாரிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? மலிவு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் யாரோ ஒருவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலி.

இப்போது ஊர்ப் பேருக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஸோலிங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் சோளிங்கருக்கும் அதற்கும் உச்சரிப்பில்தான் ஒற்றுமை, உறவு ஏதுமில்லை. அந்த ஊரில் பல நூற்றாண்டுகளாகக் கத்தியும் வாளும் அடிக்கிறார்கள். 'ஸோலிங்கன்' என்ற பேரைக் கத்தியில் பொறிக்கும் உரிமையை 1938ஆம் வருஷத்திலிருந்து அங்கே சட்டம் காப்பாற்றுகிறது. முக்கியமான வேலைகளெல்லாம் அந்த ஊர் எல்லையில் நடந்த கத்திக்கு மட்டுமே அந்தப் பேர். ஒரு சவரக் கத்தியில் அந்த ஊர்ப் பேரைப் பார்த்தாலே உலகத்தின் எந்த மூலையிலும் வாங்குகிறவன் பேரத்தைக் குறைத்துக் கொள்கிறான். ஒபினெல் கத்தியிலும் 1909லிருந்து முடிசூடிய ஒரு கை முத்திரையாக இருக்கிறது. கத்தி செய்கிறவன் தன் முத்திரையைப் பொறித்தாக வேண்டும் என்று பிரான்ஸ் ராஜா ஒருவர் 1565லேயே கட்டளையிட்டிருந்தாராம். அந்தத் தேசங்களில் பேர் என்பது சொத்து.

நமக்கு அப்படி ஒரு பேர் இல்லாமலில்லை. இருந்தது, கைவிட்டோம். ஈரோடு பக்கம் கொடுமணலில் மண்ணைத் தோண்டியபோது, மூசையில் உருக்குக் காய்ச்சிய உலைகளின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. சேலத்துக் கஞ்சமலை இரும்பு பேர்போனது. இரும்புத் துண்டோடு ஆவாரங் கட்டையைச் சீவிப் போட்டு, இரண்டொரு எருக்கிலையை மூடி, களிமண் மூசையை அடைத்து உலையில் வைத்துக் காய்ச்சினார்கள் நம் கொல்லர்கள். மேல்நாட்டார் இந்த உருக்குக்கு 'வூட்ஸ்' என்று பேர் வைத்தார்கள். கன்னடத்து 'உக்கு' திரிந்து அப்படி ஆயிற்று என்பார்கள். கட்டி கட்டியாக அது கப்பலேறி மேற்கே போயிற்று; அங்கே வாளாயிற்று; அந்த வாளுக்கு உலகம் வைத்த பேர் 'தமாஸ்கஸ்'. உருக்கு நம்முடையது, பேர் சிரியா தேசத்து ஊருடையது!

1795ல் லண்டனில் ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் இந்த உருக்கைப் பரீட்சை செய்து ராயல் சொஸைட்டியில் கட்டுரை படித்தார். பிற்பாடு மின்சாரத்தால் புகழ்பெற்ற ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழில்காரரோடு சேர்ந்து இதன் ரகசியத்தைத் தேடி, 1820லும் 1822லும் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டார். அசல் ரகசியத்தில் ஒரு பங்கு 1998ல்தான் வெளிப்பட்டது. வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து ஆராய்ந்து, தண்ணீர் அலை போன்ற அந்த வரிகளுக்குக் காரணம் இரும்போடு இயற்கையாகக் கலந்திருந்த மிகச் சொற்ப அளவு உலோகங்களே, முக்கியமாக வனேடியம், என்று எழுதினார்கள். ஆம், 2001ல் கத்திக்கென்று தேடிப்பிடித்துச் சேர்த்த அதே வனேடியம். இன்று சேகரிப்பாளர்கள் 'தமாஸ்கஸ்' அலகு என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதில் பெரும்பாலானவை பழைய வூட்ஸ் அல்ல. இரண்டு வகை உருக்கை அடுக்கி அடித்து மடித்து வரி வரவழைத்தவை. பேருக்குத்தான் விலை. அந்தப் பேரில் ஓர் எழுத்தாவது நம்முடையதா?

இதே கதை பாலாற்றங்கரையில் இன்றும் நடக்கிறது. உருக்குக்கு ஆவாரங் கட்டை கொடுத்த அதே செடியின் பட்டைதான் தென்னாட்டுத் தோலைப் பதம் செய்து கொடுத்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளிலிருந்து கிளம்பிய தோல், கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. பிறகு குரோமியம் வந்தது. இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதமாகிறது, ஷூ தைக்கப்படுகிறது. சாயக் கழிவும் உப்பும் பாலாற்றுக்கு. 1996ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது முற்றிப் போயிருந்தது. ஷூவின் உட்புறத்தில் பொன்னெழுத்தில் அச்சாகிற பேர் மட்டும் ஏதோ ஓர் ஐரோப்பியப் பேர். அழுக்கு நமக்கு, பேர் அவர்களுக்கு. வாங்குகிறவன் கொடுக்கிற விலையில் பெரும்பங்கு பேருக்குப் போய்விடுகிறது. தோலை ஒரு கீறல் படாமல் பார்த்து வெட்டியவருக்கும், ஓரம் சீவிய பெண்ணுக்கும் மிச்சம்.

அவர்கள் செய்ததற்கு நாம் என்ன செய்வது என்கிறீர்களா? நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

சோளிங்கரில், மலைக்குப் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு கொல்லர் பட்டறை. துருத்தி போய் மின்சார ஊதுகுழல் வந்திருக்கிறது; மற்றதெல்லாம் பழைய மாதிரிதான். சென்ற வருஷம் அவரிடம் ஓர் அரிவாள்மணை செய்யச் சொன்னேன். பழைய லாரிப் பட்டையை வெட்டி அடித்துக் கொடுத்தார். தண்ணீரில் துவைத்த பிறகு மறுபடி மெல்லச் சூடு காட்டி, அலகில் வைக்கோல் நிறம் ஓடி, தேன் நிறமாகி, கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்க்கிற அந்த ஒரு கணத்தில் எடுத்துவிட வேண்டும். முந்தினால் வாய் உதிரும், பிந்தினால் மழுங்கும். அமெரிக்காவில் இதற்கு உஷ்ணமானி வைத்த மின்சார உலை; இவருக்கு இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்கு அவர் கேட்டது 450 ரூபாய். நான் 400 என்றேன். கடைசியில் 420க்கு முடிந்தது. முப்பது ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

திண்ணைப் பேச்சுக்குப் பிறகு என் நண்பரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். நண்பர் அங்கே கிடந்த ஒரு கொடுவாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் வாயைத் தடவினார். சுண்டிச் சப்தம் கேட்டார். "நல்ல பதம்" என்றார். கொல்லர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் என் 420 ரூபாயால் வாங்கியிருக்க முடியாது.

"இதில் உங்கள் பேரைப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எதுக்கு சார்? பேரைப் போட்டுட்டா, நாளைக்கு மொண்ணையாப் போச்சுன்னா நேரா என்கிட்டதானே வந்து கேப்பாங்க?"

"அதற்குத்தான் ஐயா பேரே!" என்றார் நண்பர். "அப்படி வந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறான் என்றுதான் நான் முப்பத்தெட்டாயிரம் கொடுத்தேன்."

கொல்லர் சற்று யோசித்தார். "வந்து கேட்டா பரவால்லை சார். சாணை பிடிச்சுக் குடுத்துடுவேன். ஆனா வாங்கும்போதே முப்பது ரூபா குறைக்கிறவங்களுக்கு எதுக்குப் பேரு?" என்றார். என்னை நினைத்துத்தான் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய பிள்ளை ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போகிறான். பட்டறைக்கு வருவதாக இல்லை. அந்தக் கண்களுக்கு வாரிசு இல்லை என்று அர்த்தம். நாளைக்கு இந்தப் பட்டறை மூடிக் கிடக்கும்போது, 'ஐயோ, பாரம்பரியக் கலை அழிகிறதே' என்று ஒரு பத்திரிகையில் யாராவது உருக்கமாகக் கட்டுரை எழுதுவார்கள். அது நானாகவே இருக்கலாம். அந்தக் கட்டுரைக்குக் கிடைக்கிற சன்மானத்தை யாரும் என்னிடம் முப்பது ரூபாய் குறைத்துக் கேட்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கத்திக்கு முப்பத்தெட்டாயிரம் கொடுங்கள் என்று நான் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. என்னிடமே அந்தப் பணம் இல்லை. கொடுத்தவரைப் பைத்தியம் என்று சிரிக்காதீர்கள் என்கிறேன். நன்றாகச் செய்த பொருளுக்குச் செய்தவன் கேட்கிற விலையைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஐடஹோவிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொடுத்தார். அது மட்டுந்தான் எனக்குக் குறை. அந்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்கு உள்ளூர் உலைக்கு வந்திருந்தால், சோளிங்கர் என்ற பேரையும் ஓர் அலகில் பொறித்திருப்பார்கள்.

அன்று அந்தக் கொடுவாளுக்கு அவர் 600 ரூபாய் சொன்னார். நான் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் நோட்டுகளை இரண்டு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பேரம் பேசாதவனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தான். பேரம் பேசியே தீர வேண்டுமென்று யாருக்காவது நாக்கு அரித்தால், பெரிய பட்டுக் கடைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். அங்கே குளிர்ச்சியான அறையும், குடிக்கக் காப்பியும், பிறகு ஒரே விலையும் தருவார்கள்.